அடியில் விட்ட இடம்

மூன்றாவது தடவையும் காகிதம் கோணலாகத்தான் உள்ளே போனது. அவள் பிடியைத் தளர்த்தி, ரோலைப் பின்னால் சுற்றி, விளிம்பை மறுபடி கையில் எடுத்தாள். வலது ஓரம் படம் அச்சிடும் இயந்திரத்தின் நீலக் கோட்டிலிருந்து ஒரு முடி அளவு விலகியிருந்தது. முடி அளவுதானே என்று விட முடியாது. தொடங்கும்போது முடி அளவு விலகினால், படம் முடியும் இடத்தில் விரல் அளவு விலகிவிடும். ஒரு பக்கத்து வெள்ளை மெலிந்துகொண்டே போகும், மறுபக்கம் பருத்துக்கொண்டே போகும்.

“முடிஞ்சுதா?” என்றார் அப்பா. அவளைப் பார்க்காமல், பாதி இறக்கியிருந்த ஷட்டரைப் பார்த்து நின்றிருந்தார்.

“இன்னும் போடவே இல்லப்பா.”

“ரோல் எவ்வளவு இருக்கு?”

அட்டைக்குழாயின் மேல் நாலைந்து சுற்றுதான் மிச்சமிருந்தது. “ஒரு படத்துக்கு வரும். ரெண்டாவதுக்கு வராது.”

“அப்ப ஒண்ண ஒழுங்கா போடு.”

மேலே மாடியில் அண்ணன் இருமினான். இருமல் முடியும்வரை இருவரும் அசையாமல் நின்றார்கள்.

காலையில் வந்த டாக்டர், பையை மூடிக்கொண்டே, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா உறவில் யாருக்கும் சொல்லவில்லை. நேராகக் கீழே கடைக்கு இறங்கிவந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகூர்த்தம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று ஆயுள் முழுக்க மற்றவர்களைப் படம் எடுத்தவரிடம் சொந்த மகனின் படம் அதிகம் இல்லை. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இந்த இயந்திரத்தை வாங்கிய அன்று எடுத்தது. அண்ணன் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். பக்கத்தில் அவளும் நின்றிருந்தாள், அவன் தோளில் கை போட்டபடி. அப்பா அவளை வெட்டி நீக்கினார். தோளில் மிஞ்சிய நாலு விரல்களையும் பொறுமையாக அழித்துச் சட்டைத்துணியாக மாற்றினார். அதைச் செய்து முடித்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்.

“சமமாவே போட்டுடு” என்றார்.

அந்த வார்த்தைக்கு அந்தக் கடையில் என்ன பொருள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இயந்திரம் தானாக விட்டால் வெள்ளை ஓரம் ஒருபோதும் சமமாக வராது. படத்தின் தலைப்பக்கம் கொஞ்சம் விடும், அடியில் நிறைய விடும். கடைசி வரை காகிதத்தைப் பிடித்துக்கொள்ள அதற்கு அந்த இடம் வேண்டும். வாங்கிய புதிதில் ஒரு மாப்பிள்ளை, அடியில் ஏன் இவ்வளவு வெள்ளை என்று சண்டைக்கு வந்தார். அண்ணன் கூசாமல், “பேரும் தேதியும் எழுதிக்க இடம் சார். நாளைக்குப் புள்ள பொறந்தா அதுவும் எழுதலாம்” என்றான். மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அதுவே கடையின் வழக்கம் ஆனது. எல்லாப் படத்துக்கும் அடியில் அகலமாக வெள்ளை.

பிறகு ஒருநாள் ஒரு அம்மாள் கணவரின் படத்தை வாங்க வந்தார். அடியில் இருந்த வெள்ளையை விரலால் தடவினார். “இதுல இனிமே எழுத என்ன இருக்கு. வெட்டிடுங்க” என்றார். அண்ணன் அதை அவர் கண்முன்னாலேயே வெட்டினான். அதற்குப் பிறகு இறந்தவர்களின் படம் எது வந்தாலும் நாலு ஓரமும் சமமாகப் போட்டான். அதற்காக ஒரு வழியும் கண்டுபிடித்தான். ஓரத்தை இயந்திரத்திடம் விடக்கூடாது. வெள்ளையைப் படத்துக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். சுற்றிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சாம்பல் கோடு. பிறகு கையால் அந்தக் கோட்டின்மேல் வெட்டவேண்டும். கம்ப்யூட்டரில் இரண்டு அமைப்பையும் சேமித்துப் பெயர் வைத்திருந்தான். ஒன்று ‘அடி’. இன்னொன்று ‘சமம்’. வாடிக்கையாளர் எதிரிலேயே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்: “இது அடியா, சமமா?” வந்தவருக்கு ஒன்றும் புரியாது. தொழில் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்.

ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. பிறகு குனிந்து உள்ளே வந்தார் பிரேம்காரர். அடுத்த தெருவில் சட்டம் போடுகிறவர். அவரிடம் மட்டும் அப்பா போனில் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர் வைத்தது அவர்தான். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அவன் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்திருப்பான்.

“ஸ்கேலு எப்படி இருக்கான்?”

“தூங்கறான்” என்றார் அப்பா.

“நல்லா தூங்கட்டும்.” பிரேம்காரர் குரலைத் தாழ்த்தினார். “நான் அவசரப்படுத்தறேன்னு நெனைக்காதீங்கண்ணே. மரம் அறுக்கறவன் சாயங்காலம் ஊருக்குப் போறான். அதான் அளவு மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு.”

அப்பா அளவைச் சொன்னார். பிரேம்காரர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

“நாலு பக்கமும் ஒரே மாதிரிதானே?”

“ஆமா.”

“ஒரு நூல் தப்பினாலும் ஸ்கேலு கடை வாசல்ல வந்து நின்னு மானத்த வாங்கிடுவான். போன வருஷம் இப்படித்தான்…” சொல்லவந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். “நீ சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன்” என்றாள். சாப்பிடவில்லை.

அவர் போனதும் அப்பா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது முறை காகிதம் நேராகப் போனது. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ‘அடி’, ‘சமம்’ இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே அண்ணன் மறுபடி இருமினான். அண்ணி ஏதோ சொல்வதும், தண்ணீர் ஊற்றும் ஓசையும் கேட்டன. அவன் தண்ணீர் குடிக்கிறான். குடித்துக்கொண்டிருக்கும்போதே எப்படி?

அவள் ‘அடி’யை அழுத்தினாள். அகலமாக இருப்பதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டியதை ஒட்ட முடியாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். இயந்திரம் தானாக வெட்டுவதை நிறுத்திவைத்தாள். அது வெட்டும்போது எழும் ‘சரக்’ மாடிவரை கேட்கும். அறைக்கதவையும் சாத்தினாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவன் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே வீடு அவனுடைய படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாது.

இயந்திரம் இப்படியும் அப்படியும் நகரத் தொடங்கியது. முதலில் வெறும் சுவர் வந்தது. பிறகு தலைமுடி. பிறகு நெற்றி. வரிவரியாக அண்ணன் கீழ்நோக்கி வந்தான். கண்கள் வந்ததும் அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்திருந்தது. எதிர்வீட்டில் பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள்.

விளக்கைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அந்தக் கட்டடத்தில் பழைய வயரிங். இயந்திரம் ஓடினால் மாடி அறையின் விளக்கு லேசாக மங்கும், நின்றால் தெளியும். அண்ணன் அதைச் சொல்லியே சிரிப்பான். வீட்டில் படுத்திருந்தாலும் கடையில் வேலை நடக்கிறதா, இவள் போனில் அரட்டை அடிக்கிறாளா என்று தனக்குத் தெரிந்துவிடும் என்பான். இருட்டிய பகலில் அண்ணி நிச்சயம் விளக்கு போட்டிருப்பாள்.

நிறுத்தினால் படம் போய்விடும். ரோலும் போய்விடும். அவள் நிறுத்தவில்லை.

சட்டையின் கடைசிப் பொத்தான் அச்சாகி முடிந்தது. இயந்திரம் வெறும் வெள்ளையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“உங்க அண்ணன் உன்னக் கூப்பிடறார்.”

அறையில் திரை மூடியிருந்தது. ஆக்ஸிஜன் உருளையில் மாட்டிய குப்பியில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் மூன்று தலையணையில் சாய்ந்து, கூரையில் தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இப்போது மங்காமல் எரிந்தது.

“என்ன ஓடுது கீழ?” என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

“கல்யாணப் படம்.”

“யாரோடது?”

“உனக்குத் தெரியாது. புதுசா வந்தவங்க.”

“எனக்குத் தெரியாம… இந்தத் தெருவுல ஒரு கல்யாணமா.” உதட்டின் ஓரம் கொஞ்சம் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். “எடுத்துட்டு வா குள்ளி. பாக்கறேன்.”

“காயணும்ணா.”

“காயட்டும். நான் எங்க… போகப்போறேன்.”

அண்ணி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

கீழே வந்ததும் அவள் படத்தைப் பத்திரமாக வெட்டி எடுத்து, பெரிய மேசையில் கிடத்தினாள். கிடக்கவில்லை. ரோலின் உள்சுற்றுக் காகிதம் அது. குழாயோடு ஒட்டியே கிடந்த பகுதி. கையை எடுத்ததும் இரண்டு முனையும் எழும்பிச் சுருண்டு, படத்தை மூடிக்கொண்டன. அந்தக் கடைசிச் சுற்றுகளுக்கு ‘நாய்வால்’ என்று பெயர் வைத்திருந்தான் அண்ணன். என்ன கனம் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு நிமிராது. அவள் நாலு மூலைக்கும் நாலு புத்தகங்கள் வைத்தாள். படத்திலிருந்த அண்ணன் அவளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துச் சிரித்தான்.

காட்ட ஒரு கல்யாணப் படம் வேண்டும். போட ரோல் இல்லை. யாரும் வாங்க வராத படங்களை வைக்கும் அகல இழுப்பறையைத் திறந்தாள். அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு அவள் தனியாகப் போட்ட ஒன்று இருந்தது. யாரோ ஒரு ஜோடி. பெண் கண்ணை மூடியிருந்தாள். அதனால்தான் வாங்கிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அடியில் அகலமாக வெள்ளை இருந்தது. அண்ணன் பார்த்திராத படம். இது போதும் என்று தோன்றியது. தூசியைத் தட்டி, முழங்கையால் துடைத்து எடுத்துக்கொண்டாள். மை காயும் நேரம் போகட்டும் என்று இயந்திரத்தின் பக்கத்திலேயே சற்று நின்றுவிட்டு மாடி ஏறினாள்.

அண்ணியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தை அவன் போர்வையின்மேல் விரித்தார்கள்.

அவன் பார்த்தான். மணமக்களை அல்ல. முதலில் இடது ஓரத்தை மேலிருந்து கீழாக. பிறகு வலது ஓரத்தை.

“கோணாம போட்டிருக்கே.”

“ம்.”

“ரோல் மாத்தினியா?”

“இல்லண்ணா. கடைசிச் சுத்து. ஒரு படத்துக்குத்தான்…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் ஓரத்தைத் தூக்கி, விட்டான். காகிதம் அப்படியே போர்வையில் படிந்தது. சலவைக்குப் போய்வந்த துணி மாதிரி சமதளமாகக் கிடந்தது. இன்னொரு மூலையையும் தூக்கி விட்டான். அதுவும் படிந்தது. இழுப்பறையில் மாதக்கணக்காகக் கிடந்து நிமிர்ந்த காகிதம்.

குப்பியில் தண்ணீர் குமிழிவிட்டது.

“நாய்வால் நிமிந்துடுச்சே” என்றான்.

அண்ணி அவளைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். படத்திலிருந்த பெண் கண்ணை மூடியிருந்தாள்.

அவன் படத்தின் அடியிலிருந்த வெள்ளையில் கையை வைத்தான். உள்ளங்கை முழுவதும் அதற்குள் அடங்கியது. நகங்கள் நீலமாக இருந்தன.

“அதுல…” என்றான். மூச்சு வரும்வரை காத்திருந்தான். “அதுல அடில இடம் விட்டியா?”

“விட்டிருக்கேன்.”

“அப்பா விடச் சொல்லலியே.”

“இல்ல. நானாத்தான் விட்டேன்.”

அவன் தலையை அசைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். “சரி போ” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ஷட்டரை ஏன் பாதி இறக்கி வெச்சிருக்கீங்க. இருட்டா இருக்குன்னு… ஆளுங்க போயிடப்போறாங்க” என்றான்.

ஷட்டர் இறக்கியது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தையும் அவன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறான், காலையிலிருந்து.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் பாதிப் படி இறங்கியபோது அண்ணி பின்னாலேயே வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மேல்படியில் நின்றாள்.

திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டட்டும் என்றும் நினைத்தாள்.

“எந்தச் சட்டை?” என்றாள் அண்ணி.

“என்ன அண்ணி?”

“படத்துல. எந்தச் சட்டை போட்டிருக்கார்?”

“நீலக் கோடு போட்டது.”

அண்ணி சற்று யோசித்தாள். “அதுல காலர் தேஞ்சிருக்கும்” என்றாள். “பெருசு பண்ணா தெரியுமே.”

“தெரியுது.”

“திருப்பித் தெச்சுத் தரேன்னு சொன்னேன். வேணாம்னுட்டார். யார் பாக்கப்போறான்னார்.” கையிலிருந்த ஈரத்துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். “மாமாதான் போடச் சொன்னாரா?”

“ஆமா.”

“அவர எதுவும் சொல்லாத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் கீழே வந்து ஷட்டரை முழுதாக ஏற்றினாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் யாரும் கடைக்கு வரவில்லை. மழையும் வரவில்லை, இருட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. அப்பா ஒரு கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததை மூடினார், திறந்து மறுபடி துடைத்தார். அவள் மேசையருகே உட்கார்ந்து புத்தகங்களை ஓரமாக நகர்த்தி நகர்த்தி வைத்தாள். ஒன்றை எடுத்தால் அந்த மூலை உடனே எழுந்துகொண்டது.

மூடியிருந்த இயந்திரம் அவ்வப்போது தன் குழாய்களைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். திடீரென்று அது ஒருமுறை முனகி ஓய்ந்தது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஒண்ணுமில்லப்பா. மெஷின்.”

அது ஓய்ந்த பிறகு அவள் காதுகொடுத்துக் கேட்டாள். மேலே குமிழிச் சத்தம் மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. இருமல் இல்லை. தூங்குகிறானாக்கும். இருமல் எப்போது கடைசியாகக் கேட்டது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அப்பாவும் துடைப்பதை நிறுத்தியிருந்தார். அவரும் அதையேதான் யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருவரில் யாரும் மாடிப்படியைப் பார்க்கவில்லை.

பிறகு குமிழிச் சத்தமும் நின்றது. உருளையின் திருகை யாரோ மூடும் ஓசை கேட்டது.

அண்ணி படியில் பாதிவரை இறங்கிவந்து நின்றாள். கையில் பாதி குடித்த தண்ணீர் டம்ளர் இருந்தது.

“மாமாவ வரச் சொல்லு” என்றாள். அவர் அங்கேயேதான், அவள் பார்வையில்தான் நின்றிருந்தார்.

தெரு கூடியது. செருப்புகள் கடை வாசலை நிறைத்தன. யார் யாரோ அவள் தலையைத் தடவினார்கள். மாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடை வழியாகத்தான் போகவேண்டும். போகிறவர்கள் மேசையில் புத்தகங்களுக்கு நடுவே சிரிக்கும் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் படி ஏறினார்கள். அதற்குள்ளாகவா என்று யாரோ கிசுகிசுத்தார்கள். இவங்க தொழிலே அதுதானே என்று இன்னொரு குரல் சொன்னது.

பிரேம்காரர் சட்டத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். மேசையில் சாய்த்துவைத்துவிட்டு முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். “அளவு சரியா இருக்கான்னு பாத்துக்கங்கண்ணே” என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அப்பா படத்தைத் தூக்கிச் சட்டத்தின்மேல் வைத்தார். மேலே பொருந்தியது. இரண்டு பக்கமும் பொருந்தியது. அடியில் ஒரு சாண் வெள்ளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தொங்காமல், உள்பக்கமாக வளைந்து.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சமமா போடச் சொன்னேன்ல.”

“அப்ப அவன் இருந்தான்ப்பா.”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்டும் கத்தி அவர் கையில் இருந்தது. அவள் எழுந்து அதை வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேல் மேலே இருந்தது, ஆணியில் தொங்கும் அவன் சட்டைப்பையில். கேட்பதற்குள் அண்ணி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை.

அவள் மேல் ஓரத்தை அளந்தாள். அதே அளவை அடியில் இரண்டு இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். ஸ்கேலைப் புள்ளிகளின்மேல் கிடத்தி, இடது கையால் அழுத்தி, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தாள். படத்தைச் சட்டத்துக்குள் இறக்கினாள். நாலு பக்கமும் பொருந்தியது.

அப்பாவும் பிரேம்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். செருப்புகளுக்கு நடுவே வழிவிடச் சொல்லும் குரல்கள் கேட்டன.

வெட்டிய துண்டு மேசையில் சுருண்டு கிடந்தது. அண்ணி அதைப் பிரித்தாள். வெறும் வெள்ளை. இரண்டு கையாலும் மேசையோடு தேய்த்து நீவினாள். கையை எடுத்ததும் சுருண்டுகொண்டது. மறுபடி நீவி, ஒரு முனையில் இரும்பு ஸ்கேலை வைத்தாள்.

மறுமுனை மெதுவாகச் சுருண்டு வந்து, ஸ்கேலில் முட்டி நின்றது.